கபடிக் கை

ஜனவரி 19, ஞாயிறு

இந்த டைரி கோச் கொடுத்தது. முகாமுக்கு வந்த எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள். என்ன சாப்பிட்டோம், எப்படித் தூங்கினோம், பயிற்சியில் என்ன தப்புச் செய்தோம் என்று தினமும் எழுத வேண்டுமாம். நான் படிக்க மாட்டேன் அக்கா, இது உங்களுக்கே உங்களுக்கு என்றாள். படிக்க மாட்டேன் என்று முந்திக்கொண்டு சொல்கிறவர்கள்தான் முதலில் படிப்பார்கள். எதற்கும் பார்த்தே எழுதுகிறேன்.

பெயர்: நாகஜோதி. ஊர்: ஒட்டன்சத்திரம். வயது: இருபத்தேழு. கோச் பெயர் நிரஞ்சனா, மெட்ராஸ் பெண், என்னைவிடச் சின்னவள். நான் அவளைக் கோச் என்கிறேன், அவள் என்னை அக்கா என்கிறாள். என்ன முறையோ.

பள்ளிக்கூடத்திலிருந்து கபடி ஆடுகிறேன். ரைடு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போவதுதான் என் வேலை. என் மகள் தன்ஷி பிறந்த பிறகும் விடவில்லை. ஆனால் கபடியில் தெருவுக்கு நாலு பெண்கள் ஆடுகிறார்கள், மாநில அணிக்கு அடிதடி. ரக்பிக்குத்தான் பெண்கள் கிடைப்பதில்லை, அங்கே போ, உன் காலுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்று எங்கள் ஊர் மாஸ்டர் அனுப்பிவைத்தார். மாநில அணிக்குப் போய்த் தேசியப் போட்டி ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். எனக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. ஆக இந்த முகாம்தான். பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். அதில் ஒருத்தியாக வராவிட்டால் அவ்வளவுதான், கதை முடிந்தது.

பஸ் ஏற்றிவிடத் தன்ஷி அப்பா வந்தார். மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அன்றைக்கு முருங்கைக்காய் வரத்து அதிகம், தலைக்கு மேல் வேலை, ஆனாலும் வந்தார். "இதுதான் கடைசி ஜோதி. கெடைக்கலைன்னா அப்புறம் மைதானம் கீதானம்னு பேசக் கூடாது" என்றார். சரி என்றேன். கெட்ட மனிதர் இல்லை. என்னால் அவர் அம்மாவிடம் பேச்சு வாங்குவது அவர்தான்.

மதியம் சாம்பார் சாதம். தூக்கம் சரி. தப்பு: இன்னும் செய்யவில்லை.

ஜனவரி 20, திங்கள்

செய்துவிட்டேன்.

சென்னைக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மைதானம். புல் பாதி, நெருஞ்சி பாதி. பந்து உருண்டையாக இல்லை, முட்டை மாதிரி. கோச் விதி சொன்னாள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். அடுத்தவளுக்குப் போடுவதாக இருந்தால் பின்பக்கமாகத்தான் போட வேண்டும். எதிராளி இடுப்பையோ காலையோ கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவாள். அவளிடம் சிக்காமல் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் பாயிண்ட். இதில் என்ன இருக்கிறது, கட்டிப் பிடிக்கிறவளிடம் சிக்காமல் இருப்பதுதானே என் பிழைப்பு என்று நினைத்தேன்.

எதிரில் ஒருத்தியை நிறுத்தி, தாண்டிப் போங்கள் என்றாள். போனேன். இப்படி ஒரு ஆட்டம் காட்டினேன், அவள் அந்தப் பக்கம் சாய்ந்தாள், நான் அவள் தோளைத் தொட்டேன். தொட்டுவிட்டுத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே ஓடிவந்துவிட்டேன்.

முகாமே சிரித்தது. கோச் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என்ன செய்வேன்? தொடு, திரும்பு, நடுக்கோட்டுக்கு வா. இத்தனை வருஷமாக உடம்பு படித்த பாடம் அது ஒன்றுதான். போனவள் திரும்பி வந்தால்தான் கபடியில் பாயிண்ட். இங்கே திரும்பி வந்தால் பைத்தியம்.

இன்னொன்றும் நடந்தது. பந்தோடு ஓடும்போது வாய் தானாகக் "கபடி கபடி" என்று முனகியிருக்கிறது, ஒரே மூச்சில். மைதானக் கடைசியில் கண் இருட்டிவிட்டது. மூச்சு விட்டுக்கொண்டே ஓடலாம் அக்கா, இங்கே அதற்குத் தடையில்லை என்றாள் கோச். அவமானமாக இருந்தது.

ஜனவரி 22, புதன்

என் அறையில் இருப்பவள் பெயர் சகாயமேரி. பத்தொன்பது வயது. கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அவளுக்கும் போலீஸ் வேலைதான் வேண்டும். ஆனால் அவளுக்கு அடுத்த வருஷம் இருக்கிறது, அதற்கடுத்த வருஷமும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளை நல்ல பிள்ளைதான். என் சோப்பைக் கேட்காமல் எடுப்பதில்லை.

இன்று முழுக்கக் கால் பயிற்சி. எதிராளியைப் பார்த்து நேராக ஓட வேண்டும். கிட்டே போனதும் எட்டைச் சின்னதாக்க வேண்டும். அவள் கண்ணையோ தோளையோ பார்க்கக் கூடாது, இடுப்பைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு காலை வெளிப்பக்கமாக ஊன்றி, ஒரே தள்ளு, அடுத்த பக்கம் போய்விட வேண்டும். இடது காலை ஊன்றினால் வலது பக்கம் போகலாம். வலது காலை ஊன்றினால் இடது பக்கம். கபடியிலும் இதே சங்கதிதான், கோச் இங்கிலீஷில் சொல்கிறாள்.

இடது காலில் அருமையாக வந்தது. கோச் கை தட்டினாள். வலது காலில் ஊன்றும்போது விழுந்துவிட்டேன். காலையில் பனி, புல் ஈரம்.

ஜனவரி 25, சனி

மறுபடியும் விழுந்தேன். பூட்ஸ் சரியில்லை. அடியில் இருக்கும் குமிழ் ஒன்று தேய்ந்திருக்கிறது.

விழுந்தது பெரிய விஷயம் இல்லை, விழுந்த பிறகு நடந்ததுதான் கூத்து. ஒருத்தி என் காலைக் கட்டிவிட்டாள். கோடு எனக்கு முன்னால், எட்டும் தூரத்தில். நான் என்ன செய்தேன் என்றால், கையைப் பின்னால் நீட்டித் தரையைத் துழாவினேன், நடுக்கோட்டைத் தேடிக்கொண்டு. கபடியில் பிடிபட்டால் அப்படித்தானே, விரல் நுனியாவது நம் பக்கம் பட வேண்டும். இப்போது நான் எப்போது விழுந்தாலும் எல்லோரும் "கபடிக் கை! கபடிக் கை!" என்று கத்துகிறார்கள்.

கோச் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். மைதான நடுவில் விழுந்தால் பந்தைப் பின்னால் வைப்பதுதான் சரி, நம் ஆள் வந்து எடுத்துக்கொள்வாள், அந்த இடத்தில் உங்கள் கை தங்கம். ஆனால் கோட்டுக்குக் கிட்டே விழுந்தால் கை முன்னால்தான் போக வேண்டும். எட்டி வைத்தாலே பாயிண்ட். நடுவில் பின்னாடி, கோட்டுக்கிட்டே முன்னாடி. இதைத் தூக்கத்திலும் சொல்லிக்கொள்ளுங்கள் அக்கா என்றாள். சொல்லிக்கொள்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். ஆளுக்கொரு லட்டு. துணி துவைத்தேன்.

வீடியோ கால் போட்டேன். தன்ஷி போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூரையையே காட்டினாள். அம்மா எங்கே என்று அத்தை கேட்டதற்கு, போனுக்குள்ளே என்றாள். அத்தை சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 29, புதன்

சாம்பாரில் பருப்பே இல்லை. வெறும் மஞ்சள் தண்ணீர். கோச், படித்தால் கவனிக்கவும்.

ஜனவரி 31, வெள்ளி

இன்றும் பருப்பு இல்லை. நிஜமாகவே படிப்பதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் மரியாதை வந்தது அவள் மேல்.

பிப்ரவரி 1, சனி

யார் யார் எந்த இடத்துக்கு என்று கோச் பிரித்தாள். வலது ஓரத்தில் ஓடுகிற இடத்துக்கு நானும் சகாயமும். ஒரு இடம், இரண்டு பேர். அறைக்குத் திரும்பும் வழியில் அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். பிறகு அவளே, தேங்காய் எண்ணெய் இருக்கிறதா அக்கா என்று கேட்டு ஆரம்பித்தாள்.

பாவாடையைத் தூக்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது என் வலது முழங்காலைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் வீக்கம். ஓடினால் எல்லோருக்கும் வருவதுதான். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு இது எப்போதிருந்து என்று கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பழனிப் பக்கம் ஒரு மேட்சில் திரும்பும்போது பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. சுளுக்கு. நாட்டுக் கட்டுப் போட்டேன், இறங்கிவிட்டது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தால் ஏதாவது சொல்வார்கள். எடுக்கவில்லை. நேராக நடக்கிறேன், நேராக ஓடுகிறேன், மாவு அரைக்கிறேன், பிள்ளையைத் தூக்குகிறேன். பிறகு என்ன?

சகாயம் எண்ணெயை வாங்கித் தேய்த்துவிட்டாள். "நா யார்ட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. பேடிக்காதீங்க" என்றாள். நான் எதற்குப் பயப்பட வேண்டும்? சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாததற்கு எதற்குச் சொல்ல மாட்டேன் என்கிறாள்?

பிப்ரவரி 5, புதன்

பிசியோ அம்மா ஒருவர் வந்து எல்லோருடைய முழங்காலையும் அமுக்கிப் பார்த்தார். நான் பயிற்சிப் பனியன்களைத் துவைக்கப் போய்விட்டேன். மலைபோல் கிடந்தன, யாராவது செய்ய வேண்டாமா? கேட்டதற்குச் சகாயம், அக்காவுக்கு வயிற்று வலி, படுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டாளாம். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கே நான் பஸ் ஏறியிருப்பேன், இடம் அவளுக்கு. சொல்லவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என்னை ஒரு ஆளாகவே நினைக்கவில்லையோ என்றுகூடத் தோன்றியது. நல்லது செய்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது, அது என் பிறவிக் குணம்.

பிப்ரவரி 8, சனி

கோச் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தது பாதி.

ஏன் எப்போதும் வலது பக்கமே போகிறீர்கள் என்று கேட்டாள். உங்கள் இடம் வலது ஓரம், வலது பக்கம் எல்லைக்கோடு இருக்கிறது, போனால் வெளியேதான் போவீர்கள். இன்று நாலு தடவையும் அப்படித்தான் வெளியே போனேன். எதிரில் நிற்கும் ஷாலினி என்கிற கோயம்புத்தூர்ப் பெண் எனக்கு வலது பக்கமே சாய்ந்து நிற்கிறாள், நான் வரும்போதே "ரைட்டு, ரைட்டு" என்று பஸ் கண்டக்டர் மாதிரி சொல்கிறாள். எல்லோருக்கும் சிரிப்பு. வலது காலை ஊன்றி இடது பக்கம் வாங்க அக்கா, உள்ளே அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்றாள் கோச்.

பழக்கம் கோச், மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

மாற்றிக்கொள்ள முடியாது. அதாவது, பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் மாற்ற முடியாது என்று சொல்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சகாயம் காலையில் சர்ச்சுக்குப் போய் வந்தாள். மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனாள். அவளே எதிராளியாக நின்றாள்.

வெட்டித் திரும்ப வேண்டாம் அக்கா என்றாள். வேகமாக வந்து, கிட்டே வந்ததும் நிற்கப் போவது மாதிரி மெதுவாக்கி, எதிராளியின் கால் நின்றதும் சட்டென்று புறப்பட்டுப் போய்விடுங்கள். அதற்கு ஒரு காலை ஊன்றித் தள்ள வேண்டியதில்லை. செய்து பார்த்தேன். வந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் வந்தது. அவள் பிடிக்க வந்து காற்றைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்து மண்ணோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். இங்கே வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான்.

எதற்கடி எனக்குச் சொல்லித் தருகிறாய், இடம் போய்விடாதா என்று கேட்டேன். உங்களைத் தாண்டிப் போனால்தான் எனக்கு இடம், நீங்கள் விழுந்து போனால் அது என்ன இடம் என்றாள். பத்தொன்பது வயதில் இப்படித்தான் பேசத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

வேகம் மாற்றுவது இரண்டு நாள்தான் பலித்தது. ஷாலினி இப்போது நிற்பதே இல்லை, நான் மெதுவானதும் நேரே வந்து இடுப்பைக் கட்டிவிடுகிறாள். இன்று ஒருமுறைகூட அவளைத் தாண்டவில்லை.

தன்ஷி அப்பா பேசினார். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்களாம், தெரிந்தவரிடம் என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாராம். மில் வண்டியே வந்து அழைத்துப் போகுமாம். இன்னும் முகாம் முடியவில்லையே என்றேன். முடிந்த பிறகு அலைய வேண்டாமே என்றுதான் என்றார். சத்தம் போட்டுப் பேசியிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவ்வளவு தன்மையாகச் சொன்னார். நான் தேர்வாக மாட்டேன் என்று அவருக்கு உள்ளுக்குள் எப்போதோ தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 15, சனி

நாளை தேர்வு ஆட்டம். நகம் வெட்டினேன். பூட்ஸைத் துடைத்தேன். முழங்காலுக்கு இறுக்கமாகத் துணி சுற்றி மேலே நீளக் காலுறை போட்டால் வெளியே தெரிவதில்லை.

நடுவில் பின்னாடி, கோட்டுக்கிட்டே முன்னாடி. நடுவில் பின்னாடி, கோட்டுக்கிட்டே முன்னாடி.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன்.

தேர்வு செய்ய மூன்று பேர் வந்து சேரில் உட்கார்ந்திருந்தார்கள். அணிக்கு ஏழு பேர் வீதம் பிரித்தாள் கோச். என்னையும் சகாயத்தையும் ஒரே அணியில் போட்டாள், நான் வலது ஓரம், அவள் எனக்கு உள்பக்கம். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யாரென்று தெரியும் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். எதிர் அணியில் ஷாலினி, எனக்கு நேர் எதிரில். வேறு யார்?

முதல் பந்து வந்தது. வலது பக்கம் போனேன், எல்லைக்கு வெளியே போய்விட்டேன். இரண்டாவது பந்து. மெதுவாக்கிப் பார்த்தேன், ஷாலினி கட்டிப் போட்டாள். விழுந்தேன், பந்தைப் பின்னால் வைத்தேன். மைதான நடுவில், சரியான இடத்தில். சேரில் இருந்த அம்மா தலையாட்டினார். மூன்றாவது பந்தையும் அப்படித்தான் வைத்தேன். பிறகு வெகு நேரம் பந்து என் பக்கம் வரவில்லை. சகாயம் அந்த நேரத்தில் இரண்டு பேரைத் தாண்டி ஓடினாள். நன்றாகத்தான் ஓடினாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, வெயில் வேறு.

ஆட்டம் முடியப் போகிற நேரம் பந்து என் கைக்கு வந்தது. முன்னால் ஷாலினி ஒருத்திதான். அவளுக்குப் பின்னால் கோடு. "ரைட்டு, ரைட்டு" என்றாள், வலது பக்கம் சாய்ந்தாள். இடது பக்கம் முழுக்கக் காலி. கோச் சொன்ன அவ்வளவு இடமும் காலியாகக் கிடந்தது. என் வாழ்க்கையில் அப்படிக் காலியாக ஒரு இடத்தை நான் பார்த்ததில்லை.

வலது காலை ஊன்றினேன்.

தள்ளினேன். போனேன். சத்தியமாகப் போனேன். ஷாலினியின் கை என் பனியனைக்கூடத் தொடவில்லை, அவள் முகம் ஆச்சரியத்தில் திறந்திருந்ததைப் பார்த்தேன். முகாம் முழுவதும் கத்தியது. இடது காலை வைத்தேன், அடுத்து வலது காலை வைத்தேன், வலது கால் அங்கே இல்லை. பட்டென்று அந்தச் சத்தம் கேட்டது. ஈரம் இல்லை. பூட்ஸும் புதிது, கோச் கடன் கொடுத்தது.

விழுந்தேன். ஷாலினி திரும்பி ஓடிவந்து என் கால் மேல் விழுந்தாள். கண்ணைத் திறந்தால் கோடு என் முகத்துக்கு நேரே. சுண்ணாம்பு வாசனை வந்தது. கையை நீட்டினால் போதும். கோட்டுக்கிட்டே முன்னாடி, கோட்டுக்கிட்டே முன்னாடி. கையை நீட்டினேன்.

பின்னால் நீட்டினேன்.

நான் நீட்டவில்லை. கை போனது. திரும்பி வரச் சொல்லிப் பழகிய கை, பந்தோடு எங்கள் பக்கமாகத் தரையைத் தடவிக்கொண்டு போனது. அங்கே சகாயம் வந்தாள். குனிந்து எடுத்தாள். என்னைத் தாண்டி இரண்டு எட்டு வைத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை அழுத்தினாள். விசில்.

யாரும் "கபடிக் கை" என்று கத்தவில்லை. கை தட்டினார்கள். கோச் ஓடிவந்து என் பக்கத்தில் மண்டியிட்டு, நீங்களே போட்டிருக்கலாமே அக்கா என்று கேட்டாள். வலியில் புல்லைப் பிடித்துக்கொண்டேன். "சகாயம் வர்றது தெரிஞ்சுது" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. கோச் என் தலையைக் கட்டிக்கொண்டாள். சேரில் இருந்த அம்மா, இப்படி ஒரு மனசை நான் பார்த்ததில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

சாயங்காலம் பெயர் வாசித்தார்கள். பன்னிரண்டாவது பெயர் சகாயமேரி. மனசுக்கு இடம் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

பெட்டி கட்டினேன். கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனேன், சுவரைப் பிடித்துப் பிடித்து. சகாயம் அங்கே நின்றிருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. தேர்வானவள் அழுகிறாள், நான் துணி மடிக்கிறேன்.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா? மறைக்காம சொல்லுங்க" என்றாள்.

கேள் என்றேன்.

"அது கபடிக் கைதானே?"

முகாமில் அத்தனை பேர் பார்த்தார்கள். கோச் பார்த்தாள், பெரியவர்கள் பார்த்தார்கள். இவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது. முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னோடு மண்ணில் விழுந்து புரண்டவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"இல்லடி. ஒனக்குத்தான் குடுத்தேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு சரி அக்கா என்று சொல்லி என் கையிலிருந்த துணியை வாங்கி மடித்துக் கொடுத்தாள்.

ஏன் பொய் சொன்னேன்? அவள் உறுத்தல் இல்லாமல் போகட்டும் என்றா, என் பெருமைக்கா? இரண்டும்தான். கை தானாகப் போனது என்றால் நான் தோற்றவள். கொடுத்தேன் என்றால் நல்லவள். ஊருக்குத் திரும்பும்போது இரண்டில் ஒன்றையாவது எடுத்துப் போக வேண்டாமா?

கோச் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். டைரியை வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, அடுத்த வருஷம் எழுதலாம் என்றாள். அடுத்த வருஷம் எனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தும் சொன்னாளோ என்னவோ. பஸ் படி உயரம். இடது காலை வைத்து ஏறினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தன்ஷி அப்பா ஆட்டோவோடு நின்றிருந்தார். "முடிஞ்சிருச்சா?" என்றார். முடிஞ்சிருச்சு என்றேன். என் பெட்டியை வாங்கிக்கொண்டார். வண்டியில் தக்காளிக் கூடைகள். வழியில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

காலில் என்ன என்று அத்தை கேட்டார். ஆட்டத்தில் சின்ன அடி என்றேன். அதான் சொன்னேன் என்றார். எப்போது எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

மில் வேலை நாளை மறுநாள் முதல்.

சகாயம் போன் செய்தாள். தேசியப் போட்டியில் ஆடிவிட்டாளாம். எல்லா ஆட்டமும் தோற்றார்களாம், ஆனாலும் ஒரு ஆட்டத்தில் ஒருத்தியை இடது பக்கம் வெட்டித் தாண்டினாளாம். நீங்கள் அன்றைக்குப் போனீர்களே, அதே மாதிரி என்றாள். அப்போது அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. சரிடி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். ரொம்ப நேரம் பேசியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

வாரம் ஒருநாள் லீவு. தன்ஷிக்குத் தலைக்கு ஊற்றினேன். இட்லிக்கு ஊறப் போட்டேன்.

சாயங்காலம் தன்ஷி வாசலில் ஓடிப் பிடித்து விளையாட வா என்று நச்சரித்தாள். இந்த வீட்டில் எனக்கு அவ்வளவாகச் சிரமம் இல்லை. அடுப்பும் குழாயும் வலது கைப் பக்கம், இடது காலில் ஊன்றித் திரும்பிக்கொள்ளலாம். மில்லிலும் அப்படிப் பார்த்துத்தான் நிற்கிறேன். சரி, சின்னப் பிள்ளைதானே என்று இறங்கினேன். முதல்முறையாக நான் பிடிக்கிறவள்.

அவள் நேராக என்னைப் பார்த்து ஓடிவந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. கிட்டே வந்ததும் எட்டைச் சின்னதாக்கினாள். ஒரு காலை ஊன்றி என் இடது பக்கமாக வெட்டினாள். நான் திரும்பினேன்.

தன்ஷி கை கொட்டிக்கொண்டு தெருவரை ஓடிவிட்டாள். நான் வாசலில் கிடந்தேன். சத்தம் கேட்டு அத்தை வெளியே வந்து என்னவாயிற்று என்று கேட்டார். வாசல் தெளித்த ஈரம், வழுக்கிவிட்டது என்றேன்.

வாசல் காய்ந்து கிடந்தது.